செல்லப்பெயர்களை இங்கே ஒப்படைக்கவும்

பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பது என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளி, வாளியும் கப்பும் வாங்கிக் கொடுத்து, "பத்திரம், பத்திரம்" என்று நாலு தடவை சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறுவது என்றுதான் பார்லர் அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். அது பழைய முறையாம். அந்த முறையில் பெற்றோர்கள் பக்குவப்படாமலேயே வீடு திரும்பிவிடுகிறார்கள் என்று கல்லூரி கண்டுபிடித்திருந்தது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு நாற்காலியும் ஒரு நீளக் கண்ணாடியும் போட்டு அழகு நிலையம் நடத்துகிறவள் அவள். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் பார்லர் அக்காதான். வாய் கொஞ்சம் ஜாஸ்தி, கை அதைவிட வேகம். புருஷன் ஏ.சி. மெக்கானிக், பேச்சே கிடையாது. வீட்டுக்கு இரண்டு வாய் எதற்கு என்று விட்டுவிட்டான் போல. ஒரே மகள். வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. சான்றிதழில் வேறொரு நீளமான பெயர் இருக்கிறது. அதைப் பள்ளிக்கூடம் தவிர வேறு யாரும் பயன்படுத்தியதில்லை.

கல்லூரி வாசலைத் தாண்டியதும் ஒரு பலகை நின்றது. "பெற்றோர் பக்குவத் துறை. செல்லப்பெயர்களை இங்கே ஒப்படைக்கவும்."

"பையை ஒப்படைக்கச் சொல்லுவாங்க, குடையை ஒப்படைக்கச் சொல்லுவாங்க. இது என்னங்க புதுசா இருக்கு?" என்று அக்கா கேட்டாள். மெக்கானிக் பலகையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "படிச்சவங்க" என்றான். அவன் கணக்கில் அது முழு விளக்கம்.

மேஜைமேல் ஒரு பூட்டுப் போட்ட பெட்டி. அதன் பின்னால் ஒரு எழுத்தர். வரிசையில் அக்காவுக்கு முன்னால் கிரேன் ஓட்டுகிற ஒருவர் நின்றார். ஆள் கதவு அகலம். மீசை அதற்குத் தகுந்தாற்போல். பரீட்சையில் பக்கத்து ஆளுக்குக் காட்டாமல் எழுதுகிறவர் மாதிரி கையால் மறைத்துக்கொண்டு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதி, மடித்து நீட்டினார். எழுத்தர் அதைப் பிரித்து, சரிபார்ப்பதற்காக ஊருக்கே கேட்கும்படி வாசித்தார்.

"பட்டுக்குட்டி. சரிதானே சார்?"

"சரி" என்றார் மீசைக்காரர், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி. பக்கத்தில் நின்ற அவர் மகள் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அக்காவின் முறை வந்தது. "இதை எழுதிக் கொடுத்தா என்ன ஆகும்?"

"பக்குவச் சான்றிதழ் வாங்கினதும் திருப்பித் தந்துடுவோம் மேடம். அதுவரைக்கும் அந்தப் பேரைச் சொல்லி நீங்க கூப்பிடக் கூடாது. மனசுக்குள்ளயும் கூப்பிடாம இருந்தா நல்லது. ஆனா அது கட்டாயம் இல்லை."

"கூப்பிட்டுட்டா?"

"உங்க பொண்ணோட காலேஜ் சீட்டு மறுபரிசீலனைக்குப் போயிடும்."

சீட்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் அக்காவின் வாய் தானாக மூடிக்கொண்டது. அந்தச் சீட்டுக்காகப் பாப்பா இரண்டு வருஷம் விளக்கை அணைக்காமல் படித்தவள். பேனா கேட்டு வாங்கி, 'பாப்பா' என்று எழுதிப் பெட்டியில் போட்டாள் அக்கா. பிறந்த நாளிலிருந்து வாயில் இருந்த பெயர் பெட்டிக்குள் விழும்போது சத்தம்கூட வரவில்லை.

அடுத்த விதி, பெற்றோரில் ஒருவர் முதல் மூன்று வாரமும் வளாகத்திலேயே தங்கிப் பயிற்சி பெற வேண்டும் என்பது. வெயில் காலம், ஊரில் இருக்கிற ஏ.சி. எல்லாம் மெக்கானிக்கின் கையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தன. "நீ இருந்துக்க. உனக்குத்தான் பேச ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறினான். அக்கா பார்லர் கதவில் ஒட்டச் சொல்லி, "மகள் படிப்பதால் கடை விடுமுறை" என்று எழுதிக் கொடுத்தனுப்பினாள்.

பெற்றோருக்குத் தங்க இடம், பழைய நாற்காலி மேஜைகளைப் போட்டு வைத்திருந்த கிடங்கு. அவற்றை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுக் கட்டில் போட்டிருந்தார்கள். எதிரே விளையாட்டு மைதானம். மைதானத்துக்கு அந்தப் பக்கம் பெண்கள் விடுதி. கொடியில் காயும் துணியின் நிறம்கூடத் தெரியும். நடுவில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து, 'பெற்றோர் எல்லை' என்று எழுதியிருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து வரவழைத்து, அவ்வளவு பக்கத்தில் தங்கவைத்து, அவ்வளவு அக்கறையாகப் பிரித்து வைக்க வேறு எந்தக் கல்லூரியாலும் முடியாது. மாணவிகளின் கைபேசிகளையும் வாங்கி வைத்துவிட்டார்கள். அதற்குக் கைபேசி ஓய்வு என்று பெயர்.

மறுநாள் காலை துறைத் தலைவர் துவக்கவுரை ஆற்றினார். ஒல்லியான மனிதர், கழுத்தில் இரண்டு அடையாள அட்டைகள். ஒன்று தொலைந்தால் தான் யாரென்று தெரியாமல் போய்விடும் என்ற பயம் இருந்திருக்க வேண்டும்.

"பெற்றோர்களே! பெற்றோர் இல்லாமல் கல்லூரி நடத்த முடியாது. பெற்றோரை வைத்துக்கொண்டும் நடத்த முடியாது. இந்தச் சிக்கலை நீண்ட காலம் ஆராய்ந்துதான் இந்தத் துறையை உருவாக்கினோம். உங்கள் பிள்ளை முதல் வாரங்களில் அழலாம், பயப்படலாம், சாப்பிடாமல் இருக்கலாம். அது இயல்பு. அது உங்களுக்குத் தெரியவருவதுதான் பிரச்சினை. இந்தத் துறை தொடங்கிய பிறகு புகார்கள் பாதியாகக் குறைந்திருக்கின்றன. புகார் சொல்ல ஆளில்லாத மாணவி புகாரே சொல்வதில்லை என்பது எங்கள் ஆய்வின் முக்கியமான முடிவு. தனித்து நிற்க அவர்களுக்கு நாங்கள் கற்றுத் தருகிறோம். தள்ளி நிற்க உங்களுக்குக் கற்றுத் தருகிறோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள். பாதி தட்டும்போதுதான் அவர் என்ன சொன்னார் என்று அவளுக்கு உறைத்தது. அதற்குள் பக்கத்திலிருந்த மீசைக்காரர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

முதல் வாரம் அறிவுரை வாரம். ஒரு பெற்றோர் தன் பிள்ளைக்கு ஒரே ஒரு அறிவுரை சொல்லலாம். அதையும் நேரடியாகச் சொல்லக் கூடாது. அறிவுரைக் குழுவிடம் கொடுத்தால், அவர்கள் பரிசீலித்து, திருத்தி, முத்திரை குத்தி விடுதிக்கு அனுப்புவார்கள். குழுவில் மூன்று பேர். மூன்று பேருக்கும் பிள்ளைகள் இல்லை; நடுநிலை கெடக் கூடாது என்பதற்காக அப்படித் தேர்ந்தெடுத்தார்களாம்.

"வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று அக்கா முதலில் கொடுத்தாள்.

"இது விடுதிச் சமையலில் குறை இருப்பதாக மறைமுகமாகச் சுட்டுகிறது" என்று திருப்பிவிட்டார்கள்.

"சரி, 'பயப்படாதே'ன்னு போட்டுக்கோங்க."

"பயப்பட இங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம் வருகிறதே மேடம்?"

"அப்ப 'ஏதாவதுன்னா சொல்லு'ன்னு போடுங்க."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தக் கல்லூரியில் ஏதாவது என்று எதுவும் நடப்பதில்லை."

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. சீட்டை நினைத்து அடக்கிக்கொண்டாள். "சார், நான் சொல்றதுக்கு வேற என்னதான் பாக்கி இருக்கு? 'ரூமை விட்டு வெளிய போறப்ப ஃபேனை நிறுத்திட்டுப் போ'ன்னு சொல்லவா?"

அவள் எரிச்சலில் சொன்னது. ஆனால் மூன்று முகங்களும் மலர்ந்தன. "அருமை! இதுதான் பக்குவமான பாசம்" என்று சொல்லி உடனே முத்திரை குத்தினார்கள். அன்று மாலை பாப்பா விடுதி அறையில் உட்கார்ந்து, வீட்டை விட்டு வந்தபின் தன் தாய் தனக்கு அனுப்பிய முதல் வார்த்தையைப் பிரித்துப் படித்தாள்: அறையை விட்டு வெளியே செல்லும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செல்லவும். அவள் என்ன நினைத்திருப்பாள் என்று யோசித்து அக்கா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டாம் வாரம் செய்முறை. மைதானத்தின் இந்தப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, துணிக்கடைப் பொம்மை ஒன்றை உட்கார வைத்திருந்தார்கள். அதற்குச் சுடிதார் போட்டு, தலையில் ஒரு விக் வைத்து, 'மாதிரிப் பிள்ளை' என்று அட்டை மாட்டியிருந்தது. பெற்றோர் ஒவ்வொருவராகப் போய், பொம்மையிடம் விடைபெற்று, திரும்பிப் பார்க்காமல் வாசல்வரை நடக்க வேண்டும். கையசைக்கலாம், ஆனால் கை தோளுக்கு மேலே போகக் கூடாது. போனால் அது அசைப்பு இல்லை, அழைப்பு.

மீசைக்காரர் பொம்மையின் முன்னால் போய் நின்றார். "வரேம்மா" என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அவ்வளவு பெரிய மனுஷன் பிளாஸ்டிக் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுததைப் பார்த்து அங்கிருந்த யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மதிப்பெண் போடுகிற ஆலோசகர் மட்டும், "சார், அது பொம்மை. அதை விட்டுப் பிரியறதுக்கே இப்படின்னா எப்படி?" என்று பரிவாகக் கேட்டாள்.

அக்கா அழவில்லை. பொம்மையைப் பார்த்ததும் அவள் கண்ணில் பட்டது வேறு. விக்கின் முன்முடி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கோணலாகக் கிடந்தது. அவள் கைப்பையில் எப்போதும் கத்தரிக்கோல் இருக்கும். தன்னை மறந்து எடுத்து, நாலு வெட்டு வெட்டி, ஊதிவிட்டு, தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நேராக வந்திருந்தது. "அதிகப்படியான தொடுகை, துறையின் உடைமைக்குச் சேதம்" என்று எழுதிப் பூஜ்யம் போட்டார்கள். ஆனால் சாயங்காலம் ஆலோசகர் தனியாக வந்து, "மேடம், எனக்கும் அந்த மாதிரி வெட்டி விடுவீங்களா?" என்று கேட்டாள். அக்கா வெட்டிவிட்டாள். அந்தப் பெண்மேல் அவளுக்குக் கோபம் இல்லை.

அந்த வாரக் கடைசியில் தொலைபேசி நாள். ஒரு கூடத்தில் மேஜைமேல் போன்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆலோசகர் காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு எதிரே அவள் முடி வெட்டிவிட்ட அதே பெண். முடி எடுப்பாக இருந்தது.

"அம்மா, நான் நல்லா இருக்கேன்" என்று மறுமுனையில் பாப்பாவின் குரல் வந்தது. "ரூம் நல்லா இருக்கு. சாப்பாடு நல்லா இருக்கு. எல்லாரும் நல்லா இருக்காங்க."

குரல் கம்மிப்போய், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. நடுவில் இருமல்.

"பாப்..." என்று ஆரம்பித்தாள். ஆலோசகர் விரலை உயர்த்தினாள். "ஏய்... ஏய் கண்ணு, என்னடி குரல் இது? காய்ச்சலா?"

"மேடம், உடல்நிலை மூணாவது வாரப் பாடம். நாம இன்னும் ரெண்டாவது வாரம்தான்."

"நான் என் பொண்ணுகிட்டப் பேசறேன்ம்மா, பாடம் ஒப்பிக்கல."

"நாலு நாளா எந்திரிக்க முடியலம்மா" என்று பாப்பா கிடுகிடுவென்று சொன்னாள். "நீ ஒரு தடவை வாயேன். வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போ..."

போன் அடங்கிவிட்டது. ஆலோசகர் தலையைக் குனிந்துகொண்டு, "பாடத்துக்கு வெளிய போயிடுச்சு மேடம். நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

அக்கா நேராகத் துறைத் தலைவரின் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நின்று வரவேற்று, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"காய்ச்சலா? எங்கள் பதிவில் அப்படி ஒன்றும் வரவில்லையே."

"பதிவுல வராட்டி என்ன சார், அவ உடம்புல வந்திருக்கே."

"பாருங்கள், இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. மாணவி வார்டனிடம் சொல்வாள். வார்டன் எங்களிடம் சொல்வார். பெற்றோர் எந்த அளவு பக்குவப்பட்டிருக்கிறார் என்று பார்த்து, அந்தப் பக்குவத்துக்கு ஏற்ற மாதிரி நாங்கள் உங்களிடம் சொல்வோம்."

"எப்ப சொல்வீங்க?"

"மூன்றாம் வாரக் கடைசியில்."

"அதுக்குள்ள காய்ச்சலே போயிடுமே சார்?"

துறைத் தலைவரின் முகம் விளக்குப் போட்ட மாதிரி பிரகாசித்தது. "பார்த்தீர்களா? நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்தச் சமயத்தில் நீங்கள் கவலைப்பட ஒன்றுமே இருக்காது. இதுதான் எங்கள் முறையின் சிறப்பு."

வெளியே வந்து புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் யார் வீட்டுச் சுவரிலோ ஏணியில் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சீட்டு போயிடும்டி. ஒரு வாரம்தானே, பல்லைக் கடிச்சிட்டு இரு" என்றான்.

"நாலு நாளா படுத்துக் கிடக்காளாம்."

பின்னால் எங்கேயோ ஸ்பேனர் கீழே விழுகிற சத்தம் கேட்டது. "சரி" என்றான். "நீ என்ன பண்ணினாலும் சரிதான். நான் கிளம்பி வரேன்."

மறுநாள் காலை இடைத்தேர்வு. கிடங்கிலேயே மேஜை போட்டுப் பெற்றோரைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்தார்கள். வினாத்தாளில் முதல் மூன்று கேள்விகளும் துறையின் வரலாற்றைப் பற்றியவை. நாலாவது இப்படி இருந்தது: "உங்கள் பிள்ளைக்கு உடல்நிலை சரியில்லை என்று உங்களுக்குத் தெரியவருகிறது. நீங்கள் செய்யத்தக்கது யாது? விரிவாக விடையளிக்க."

அக்கா அந்தக் கேள்வியை இரண்டு தடவை வாசித்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் விடுதி தெரிந்தது. அவள் பேனாவை எடுத்து, "போவேன்" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினாள்.

மேற்பார்வைக்கு வந்த துறைத் தலைவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "விரிவாக எழுத வேண்டும் மேடம்."

"விரிவா நடந்தே காட்டறேன் சார்" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டி மைதானத்தில் இறங்கினாள்.

உள்ளே மீசைக்காரரின் நாற்காலி பின்னால் நகர்ந்து தடாலென்று விழுந்தது. "நானும் அதைத்தான் எழுதினேன். பயந்து அடிச்சுட்டேன்" என்று பொதுவாக எல்லாரிடமும் சொல்லிவிட்டு அவரும் கிளம்பினார். அதற்கப்புறம் நாற்காலிகள் நகரும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. "விடைத்தாளைக் கொடுத்துவிட்டுப் போங்கள்! கொடுக்காமல் போனால் வராதவர் என்று பதிவாகிவிடும்!" என்று துறைத் தலைவர் கத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்னால் அக்காவின் கால் ஒரு கணம் தயங்கியது. இரண்டு வாரப் பயிற்சி வீணாகுமா? அப்புறம், "கோடாம் கோடு!" என்று அதன்மேலேயே மிதித்துக்கொண்டு போனாள்.

விடுதி வாசலில் வார்டன் வழிமறித்தாள். கெட்டவள் இல்லை, தூங்கிப் பல நாள் ஆனவள் மாதிரி இருந்தாள். "எந்தப் பொண்ணு? பேரைச் சொல்லுங்க."

அக்கா வாயைத் திறந்தாள். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் சான்றிதழில் இருக்கிற பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. "என் பொண்ணு. பாப்பா."

"அந்தப் பேர் இப்ப உங்ககிட்ட இல்லையே மேடம். துறையில இருக்கே."

அவ்வளவு நாளும் அக்கா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். பொம்மை முன்னால் போய் நின்றாள். ஃபேனை நிறுத்தச் சொல்லிப் பாசம் அனுப்பினாள். ஆனால் இந்த வார்த்தையைக் கேட்டதும் அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. பத்து மாதம் சுமந்து பெற்று, பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லிச் சோறு ஊட்டி, அடித்து, அணைத்து வளர்த்தவளிடம், அந்தப் பெயர் உன்னிடம் இல்லை என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொல்கிறாள். அக்கா இரண்டு எட்டு பின்னால் வந்தாள். தலையைத் தூக்கி, பஸ் நிலையச் சத்தத்தையெல்லாம் மீறிப் பேசிப் பழகிய தொண்டையைத் திறந்தாள்.

"பாப்பா!"

முதலில் கீழ்மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. பிறகு மேலே ஒன்று. பிறகு வலதுபக்கம், இடதுபக்கம், மொட்டைமாடிக் கதவு. எட்டிப் பார்த்த முகம் ஒவ்வொன்றும் "என்னம்மா?" என்றது. ஒரு பெண் தலையில் சீப்போடு நின்றாள். ஒருத்தி பாதி துலக்கிய பல்லோடு நின்றாள். பெட்டிக்குள் எத்தனை பாப்பாக்கள் பூட்டிக் கிடந்தார்கள் என்று துறைக்கே அன்றுதான் தெரிந்திருக்கும். அவர்களுடைய அம்மாக்களும் அப்பாக்களும் மைதானத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் தொண்டையைத் திறந்தார்கள். தங்கம், செல்லம், குண்டம்மா, வாலு, கழுதை என்று எல்லாப் பெயரும் மேலே பறந்தன. அவற்றுக்கெல்லாம் மேலாக மீசைக்காரர் ஒரு கூச்சமும் இல்லாமல், "பட்டுக்குட்டீ!" என்று முழங்கினார்.

அக்காவின் பாப்பா மட்டும் ஜன்னலுக்கு வரவில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி வந்தாள். உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. அக்கா ஓடிப் போய் நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது.

"ஏம்மா இவ்ளோ நாள்?" என்று கேட்டுவிட்டுப் பாப்பா அழ ஆரம்பித்தாள்.

"வந்துட்டேன்ல" என்றாள் அக்கா.

வார்டன் தானே போய் மாத்திரையும் வெந்நீரும் எடுத்துக்கொண்டு வந்தாள். "டாக்டரைக் கூப்பிடணும்னு மூணு தடவை எழுதி அனுப்பினேன். பெற்றோர் பக்குவம் பாதிக்கும்னு பதில் வந்துச்சு" என்றாள். இப்போது யாரையும் கேட்காமல் டாக்டருக்குப் போன் செய்தாள். டாக்டர் வந்து, விஷக் காய்ச்சல் இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான், பட்டினி கிடந்ததில் இழுத்துக்கொண்டு போகிறது என்று சொல்லி ஊசி போட்டுவிட்டுப் போனார். விடுதிப் படியிலேயே பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, சிக்குப் பிடித்த தலையை விரலால் கோதிக்கொண்டிருந்தாள் அக்கா. பாப்பா தூங்கிப்போனாள்.

துறைத் தலைவர் ஒலிபெருக்கியோடு வந்து சேர்ந்தார். "பெற்றோர்களே! ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறேன். நீங்கள் அனைவரும் தேர்வில் தோல்வி. உங்கள் பிள்ளைகளின் சேர்க்கை மறுபரிசீலனைக்கு உட்படும்."

அக்காவின் கை பாப்பாவின் தலையில் அப்படியே நின்றது. இரண்டு வருஷம் அணையாத விளக்கு கண்முன் வந்துபோனது. மடியில் இருந்த சூட்டையும் பார்த்தாள். "பண்ணிக்கோங்க" என்றாள்.

"எல்லாருமே தோல்வின்னா எல்லாப் பொண்ணுங்களையும் கூட்டிட்டுப் போயிடறோம்" என்றார் மீசைக்காரர். "நாளைக்குக் காலைல அந்தப் பொம்மையை உக்கார வெச்சுப் பாடம் நடத்துங்க."

பெற்றோர்கள் பெட்டி தூக்க மாடிப்படிப் பக்கம் நகர்ந்தார்கள். துறைத் தலைவர் அவசரமாக ஒலிபெருக்கியை அணைத்து, ஆலோசகர் காதில் ஏதோ கேட்டார். ஆலோசகர் உதட்டைப் பிதுக்கினாள். அவர் மறுபடியும் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"பெற்றோர்களே! மகிழ்ச்சியான செய்தி. இப்போது நடந்ததுதான் உண்மையான தேர்வு. இது முன்னரே திட்டமிட்ட செய்முறைத் தேர்வு என்பதை இரகசியம் காக்கும் பொருட்டு எனக்கே கூட இப்போதுதான் தெரிவித்தார்கள். அனைவரும் தேர்ச்சி!"

அவர் கைதட்டலுக்காக நிறுத்தினார். எங்கேயோ ஒரு பெண் வாய் கொப்பளிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வெயில் தாழ்ந்தபோது பாப்பா வியர்த்து எழுந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. பசிக்கிறது என்றாள், சாப்பிட்டாள். முகத்தில் ரத்தம் வந்தது.

"கிளம்பு, வீட்டுக்குப் போலாம். அப்பா வந்துட்டிருக்காரு" என்றாள் அக்கா.

"எதுக்கு? நாளன்னைக்கு எனக்கு லேப் இருக்கு. நீ கொஞ்ச நேரம் வந்து உக்காரணும்னுதானே சொன்னேன். உக்காந்தாச்சு. நீ போய்ப் பார்லரைத் தொற. எத்தனை நாள் பூட்டி வெப்பே?"

இதைக் கேட்டுக்கொண்டிருந்த துறைத் தலைவர் உருகிப்போய்விட்டார். பெற்றோர்கள் பக்கம் திரும்பிக் கையை விரித்தார். "கேட்டீர்களா? தனித்து நிற்கிறாள்! இரண்டே வாரத்தில்! இதைத்தான் நாங்கள் கற்றுத் தருகிறோம் என்று சொன்னேன்."

அக்கா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"சார், இவ தனியா நின்னது பத்தாவது மாசத்துல. சமையக்கட்டுக் கதவைப் பிடிச்சிட்டு எந்திரிச்சா. கதவை விட்டா. விழுந்தா. நான் ஓடிப் போய் மூக்கைத் தொடச்சேன். மறுபடியும் நின்னா. நான் தள்ளி நின்னதால நிக்கல சார், விழுந்தா ஓடி வருவேன்னு தெரிஞ்சதால நின்னா. நாளைக்கும் விழுவா. நாளைக்கும் வருவேன். உங்க சுண்ணாம்புக் கோட்டை இப்பவே அழிச்சு வெச்சுடுங்க. தினமும் மிதிச்சா எனக்குச் செருப்பு பாழாகுது."

துறைத் தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பாப்பா போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டு சீறினாள்.

"அய்யோ, அம்மா! மூக்கு கதையெல்லாம் எதுக்கு இங்க? என் கிளாஸ் பொண்ணுங்க பூரா மேல நிக்கறாங்க. மானம் போகுது. நீ மொதல்ல கிளம்பு!"

இரண்டு வாரத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்லர் அக்காவுக்கு மூச்சு முழுசாக வந்தது. மகள் நன்றாகத்தான் இருக்கிறாள்.